ஏரியில் துப்பாக்கி: வேடந்தாங்கல் கதையை மறுபடி வாசித்தல்

போன மாதம் அட்லாண்டாவில் இருக்கும் கல்லூரித் தோழனோடு பேசிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை குடும்பத்தோடு ஏரிக்குப் போய்ப் படகு விட்டானாம். பக்கத்துப் படகில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் இடுப்பில் கைத்துப்பாக்கி. “இங்க இதெல்லாம் சகஜம்டா. நம்ம ஊர்ல லைசென்ஸ் வெச்சிருந்தா ஏரியில எடுத்துட்டுப் போகலாமா?” என்று கேட்டான். “நம்ம பக்கம் ஏரியே பாதி காணோம், இதுல துப்பாக்கி வேறயா” என்று சிரித்துவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து சட்டங்களைப் படித்தேன். படித்து முடித்தபோது, நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஒரு கதையை நாம் தப்பாகச் சொல்லிக்கொண்டு வருகிறோம் என்று தோன்றியது. அது வேடந்தாங்கல் கதை.

முதலில் நண்பனின் கேள்விக்குப் பதில். நான் வக்கீல் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எனவே சட்டத்தையும் நிரல் மாதிரிதான் வாசிப்பேன். முதலில் வரையறைகள், பிறகு நிபந்தனைகள், கடைசியில் விடுபட்டது என்ன என்று பார்ப்பது.

1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. உரிமம் கிடைத்தாலும் அது எந்த நோக்கத்துக்கு, எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். 2016இல் வந்த ஆயுத விதிகள், பொது இடத்தில் துப்பாக்கியைத் திறந்தபடி கொண்டுபோகக் கூடாது என்கின்றன. கைத்துப்பாக்கி என்றால் உறையில், நீளத் துப்பாக்கி என்றால் மூடிய பையில். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதற்கு முன்பு மூன்று. இந்தச் சட்டத்துக்கு ஏரி, படகு எல்லாம் தனி விஷயமே இல்லை. தெருவுக்கு எதுவோ அதுதான் ஏரிக்கும்.

ஏரி என்பது தனி இடமாகத் தெரிவது இன்னொரு சட்டத்தில். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதன் 31ஆம் பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அதிகாரம் பெற்ற அலுவலரோ முன்கூட்டியே எழுத்தில் அனுமதி தராமல் யாரும் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது. 34ஆம் பிரிவு இன்னும் வெளியே கை நீட்டுகிறது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் துப்பாக்கி உரிமக்காரர் தன் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் தர வேண்டுமென்றால் தலைமைக் காப்பாளரின் இசைவு வேண்டும்.

இதற்குள் வரையறைப் பகுதியை மட்டும் தனியாக ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். 'வாகனம்' என்றால் நிலத்திலோ நீரிலோ வானத்திலோ போகப் பயன்படும் எதுவும். எருமையும் கழுதையும்கூட அதில் அடக்கம். ஆக, படகும் வாகனம், எருமையும் வாகனம். 'ஆயுதம்' என்றால் துப்பாக்கி, வில் அம்பு, வெடிமருந்து மட்டும் இல்லை. கத்தி, தூண்டில் முள், வலை, கண்ணி எல்லாம் ஆயுதம்தான். பழவேற்காடு ஏரியின் சரணாலயப் பகுதியில் தோணியில் வலையோடு போகிற மீனவரும், தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு போகிற துரையும் இந்த ஒரு சொல்லுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வரையறையை எழுதியவர்கள் விலங்கின் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். பறவைக்கு முள்ளும் ஒன்றுதான், குண்டும் ஒன்றுதான். நியாயம்தான். ஆனால் ஏரியைச் சுற்றி வாழும் மனிதரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றா?

படகும் துப்பாக்கியும் நேரடியாகச் சந்தித்த ஒரு பிரிவு இதே சட்டத்தில் இருந்தது. இப்போது இல்லை. 1972இல் சட்டம் வந்தபோது வேட்டை முழுசாகத் தடை செய்யப்படவில்லை. பெரு வேட்டை, சிறு வேட்டை என்று தனித்தனி உரிமங்கள் இருந்தன. எப்படி வேட்டையாடக் கூடாது என்று சொன்ன 17ஆம் பிரிவு, நீரிலோ நிலத்திலோ இயந்திரத்தால் ஓடும் வாகனத்திலிருந்து வேட்டையாடுவதைத் தடுத்தது. மோட்டார் படகை விட்டு விலங்குகளை விரட்டுவதும் கூடாது. அப்படியானால் உரிமம் வாங்கிக்கொண்டு, துடுப்புப் படகில் போய், அனுமதிக்கப்பட்ட பருவத்தில், அனுமதிக்கப்பட்ட பறவையைச் சுடுவது? அந்தப் பிரிவு அதைத் தடுக்கவில்லை. அமெரிக்கக் கூட்டரசு விதியிலும் கிட்டத்தட்ட இதே தர்க்கம்தான்: வாத்து வேட்டைக்காரர் மோட்டார் படகில் இருந்தால், மோட்டாரை முழுக்க நிறுத்தி, படகின் வேகமும் அடங்கிய பிறகே சுடலாம். இரண்டு விதிகளுக்கும் பின்னால் இருப்பது பழைய வேட்டைக்காரர்களின் கண்ணியக் கணக்கு. பறவைக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பு தர வேண்டும் என்பது.

1991 திருத்தம் வேட்டை உரிமங்களை ஒழித்தது. அதோடு 17ஆம் பிரிவும் போனது. வேட்டையே கூடாது என்றான பிறகு எப்படி வேட்டையாடக் கூடாது என்று சொல்ல என்ன இருக்கிறது? நிரலாளனாக எனக்கு இது புரிகிறது. யாரும் கூப்பிடாத பகுதியை நீக்கிவிடுவோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வேறு இடத்தில். இந்த எல்லாப் பிரிவுகளிலும் பேசுகிறவர்கள் இரண்டே பேர்: அரசும், துப்பாக்கி வைத்திருப்பவரும். மூன்றாவதாக ஒருவர் உண்டு. ஏரி யாருடைய வயலுக்குத் தண்ணீர் தருகிறதோ அவர். 1798இல் பேசியது அவர்தான்.

வேடந்தாங்கல் கதை எல்லோருக்கும் தெரியும். செங்கல்பட்டுப் பக்கம் இருந்த கம்பெனிச் சிப்பாய்கள் வந்து ஏரியில் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். அவர் 1798இல் ஏரிக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936இல் சரணாலயமாக அங்கீகாரம், பிறகு வனச்சட்டம், 1972 சட்டம், 2022இல் ராம்சர் பட்டியல். வெறும் 30 ஹெக்டேர் ஏரிக்கு இவ்வளவு நீளமான வரலாறு.

இதை எழுதுகிறவர்கள், பள்ளிப் பாடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை இணைப்பு வரை, ஒரே மாதிரி முடிப்பார்கள்: 'பறவைகள்மீது கிராம மக்கள் கொண்ட அன்பு'. இந்த முடிப்பைத்தான் நான் மறுக்கிறேன். அன்பு இல்லை என்று சொல்லவில்லை. அன்பு என்று சொல்லி முடித்துவிட்டால் நடந்ததில் பாதி மறைந்துபோகிறது.

முதல் விஷயம், சிப்பாயின் துப்பாக்கி சட்டவிரோதமானது இல்லை. அப்போது பறவையைச் சுடுவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் கிடையாது. இந்தியர்கள் துப்பாக்கிக்கு உரிமம் வாங்க வேண்டும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு என்ற ஆயுதச் சட்டம்கூட 1878இல்தான் வந்தது. ஊர்க்காரர்கள் துப்பாக்கியே கூடாது என்று கேட்கவில்லை. எங்கள் ஏரியில் கூடாது என்று கேட்டார்கள். இடம்தான் அவர்கள் வாதம்.

இரண்டாவது, ஏன் அந்த இடம்? தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் எச்சமிடுகின்றன. அது ஏரித் தண்ணீரில் கரைந்து மதகு வழியாக வயலுக்குப் போகிறது. காசில்லாத உரம். பறவை சுடப்பட்டால் கூட்டம் கலையும். கூட்டம் கலைந்தால் அந்த வருடத் தண்ணீர் வெறும் தண்ணீர். இது உழுகிறவனின் கணக்கு. கணக்கு இருப்பதால் அன்பு குறைந்துவிடாது. வீட்டில் மாட்டின்மேல் இருக்கிற பாசம் மாதிரி, பயனும் பாசமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கும்.

மூன்றாவது, ஆட்சியர். பிளேஸ் ஏதோ பறவைப் பிரியர் என்பதுபோல எழுதுகிறார்கள். அவர் கம்பெனியின் ஜாகீரில் வரி வசூலிக்க வந்தவர். வரி விளைச்சலிலிருந்து வரும், விளைச்சல் ஏரியிலிருந்து வரும் என்று தெரிந்து ஏரிகளைப் பழுதுபார்த்தவர். இதே பிளேஸைப் பற்றி மதுராந்தகத்தில் இன்னொரு கதை உண்டு, ஏரி காத்த ராமர் கதை. கனமழையில் கரை உடையப் போகிறது என்று பயந்து ராத்திரி பார்க்கப் போனவருக்கு, வில்லோடு இரண்டு பேர் கரைமேல் காவல் நிற்பது தெரிந்ததாம். கோயில் கதைதான். ஆனால் பக்கத்துப் பக்கத்து ஊர்களில், ஒரே ஆட்சியர் பெயரில், ஏரியையும் ஆயுதத்தையும் சேர்த்து மக்கள் இரண்டு கதை சொல்லிவருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒன்றில் ஆயுதத்தை ஏரியை விட்டு வெளியே அனுப்புகிறார்கள். இன்னொன்றில் ஏரிக்கரையில் காவலுக்கு நிறுத்துகிறார்கள். இரண்டிலும் காக்கப்படுவது தண்ணீர். ஆயுதம் யார் கையில், யாருக்காக என்பதுதான் கேள்வி.

ஊரின் பெயரையும் விட்டுவிடக் கூடாது. தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடன் என்றால் வேட்டையாடுகிறவன். வேட்டைக்காரரின் பெயரைத் தாங்கிய ஏரிதான் வேட்டைக்கு எதிராக முதல் காகிதத்தை வாங்கியிருக்கிறது. பறவைகளைத் தெய்வமாக மட்டும் பார்த்த ஊர் என்று நினைத்தால் இந்தப் பெயரை என்ன செய்வது?

இதற்கு நேர் எதிரான ஒரு ஏரியையும் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் என் வாதம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ராஜஸ்தானில் பரத்பூர். அங்கே சதுப்பு நிலத்தைப் பெருக்கித் தண்ணீர் தேக்கியதே மகாராஜா வாத்து சுடுவதற்காக. 1902இல் கர்சன் பிரபுவுக்காக நடந்த வேட்டையிலிருந்து, யார் வந்தார், எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் விழுந்தவை 4,273. நம் ஊரில் கோயிலுக்கு நிலம் கொடுத்ததைக் கல்லில் வெட்டுவார்கள். அங்கே கொன்ற எண்ணிக்கையை வெட்டியிருக்கிறார்கள்.

ஆனால் சங்கடமான உண்மை ஒன்று உண்டு. அந்தத் துப்பாக்கிகள் இல்லையென்றால் அந்த ஏரியே இருந்திருக்குமா என்பது சந்தேகம். சுதந்திரத்துக்குப் பிறகு அதை வடித்து விவசாய நிலமாக்க வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, சாலிம் அலி நேரு வரை போய்த் தடுத்தார். தடுப்பதற்கு ஒரு ஏரி மிச்சம் இருந்ததே வேட்டைக்காக அதைப் பராமரித்ததால்தான். அமெரிக்காவிலும் இதே கதை. 1934 முதல் வாத்து வேட்டைக்காரர்கள் கட்டாயமாக வாங்க வேண்டிய முத்திரைத் தாளின் காசில்தான் எத்தனையோ சதுப்பு நிலங்கள் வாங்கிப் பாதுகாக்கப்பட்டன. 'துப்பாக்கி வந்தால் ஏரி அழியும்' என்ற எளிய சூத்திரம் இங்கே உதவாது.

சரி, துப்பாக்கி போன பிறகு பரத்பூரில் என்ன நடந்தது? 1980களின் தொடக்கத்தில் அது தேசியப் பூங்கா ஆனது. சுற்றுவட்டார ஊர்களின் எருமைகள் உள்ளே மேயக் கூடாது என்று 1982இல் தடை வந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள். பறவைகளைச் சுடுவதை நிறுத்திய ஏரிக்கரையில் மனிதர்கள் சுடப்பட்டார்கள். அதற்குப் பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்து வருடம் ஆராய்ந்து சொன்ன முடிவு இன்னும் கசப்பானது: எருமை மேயாததால் புல் மண்டித் தண்ணீர்ப் பரப்பை மூடுகிறது, நீர்ப்பறவைகளுக்கு அது கெடுதல். எருமையை 'வாகனம்' பட்டியலில் சேர்த்த சட்டத்துக்கு, அது ஏரியில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரியவில்லை. எருமைக்காரருக்குத் தெரிந்திருக்கும். அவரை யாரும் கேட்கவில்லை.

கேட்கப்படாத இன்னொருவர் நம் ஊரிலேயே இருக்கிறார். நான் பையனாக இருந்தபோது, எண்பதுகளில், ஏரிக்கரையோரம் நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் கொக்கையும் மடையானையும் தொங்கவிட்டபடி ஒருவர் போவார். 'குருவிக்காரர் போறாரு' என்போம். நரிக்குறவர் சமூகத்தவர். பறவை பிடிப்பதே ஒரு சமூகத்தின் பெயரானது. சட்டம் இறுகியபோது அவர்களின் தொழில் போனது. ஊசி, பாசிமணி என்று ரயில் நிலைய வாசல்களுக்கு வந்தார்கள். நரிக்குறவரும் குருவிக்காரரும் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தது 2023இல்தான். வேட்டைத் தடை தப்பு என்று நான் சொல்லவில்லை, தடை வேண்டும். ஆனால் ஒரு காலை வேளையில் ஆயிரக்கணக்கில் சுட்ட துரைக்குக் கல்வெட்டு, இரண்டு கொக்கு சுட்ட குருவிக்காரருக்கு வழக்கு என்கிற கணக்கைப் பறவை நேசக் கதைகள் எதுவும் சொல்வதில்லை. அதனால்தான் அந்தக் கதைகள் எனக்குப் போதவில்லை.

இப்போது நண்பனின் ஏரிக்குத் திரும்புவோம். ஜார்ஜியாவில் அலட்டூனா ஏரியை நிர்வகிப்பது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை. அவர்களின் ஏரிகளில் குண்டு நிரப்பிய துப்பாக்கி கூடாது. வேட்டை போன்ற சில விஷயங்களுக்கும் எழுத்து அனுமதிக்கும் மட்டும் விலக்கு என்று விதி. அதை எதிர்த்துத் துப்பாக்கி உரிமைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2014இல் ஐடஹோவில் ஒரு நீதிபதி விதி செல்லாது என்றார். 2015இல் ஜார்ஜியா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதிக்கு இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. அங்கே வழக்கு முழுக்க ஒரே கேள்வி: துப்பாக்கி வைத்திருப்பவரின் உரிமை ஏரிக்கரையில் முடிகிறதா, தொடர்கிறதா? இந்தியச் சட்டத்தில் துப்பாக்கி உரிமையே கிடையாது, அரசு தரும் அனுமதிதான். இரண்டு நாட்டுச் சட்டங்களும் எதிரெதிர் முனையில் நிற்கின்றன. ஆனாலும் இரண்டிலும் பேச்சு அரசுக்கும் துப்பாக்கிக்காரருக்கும் நடுவில்தான். ஏரிக்காரர் எங்கே?

வேடந்தாங்கலில் அவர் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறார். 1998 அறிவிக்கையில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலயம் ஆனது. 2020இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை வந்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதை எந்தப் பிரிவும் சொல்லவில்லை. ஊர்க் கட்டுப்பாடு.

என் வீட்டிலிருந்து வேடந்தாங்கல் ஜிஎஸ்டி சாலையில் போய்ப் படாளத்தில் திரும்பினால் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். ஆனால் என் வீட்டைச் சுற்றி இருக்கிற ஏரிகள் வேறு ரகம். வண்டலூர், ஊரப்பாக்கம், நெடுங்குன்றம், முடிச்சூர், பீர்க்கன்காரணை எதுவும் சரணாலயம் இல்லை. எனவே 31ஆம் பிரிவு இங்கே வராது. நண்பன் உரிமத்தோடு, மூடிய பையில் துப்பாக்கியோடு, ஒரு பரிசலில் ஏறினால் வனவிலங்குச் சட்டம் அவனை எதுவும் கேட்காது, பறவையைக் குறிவைக்காதவரை. “சரி, போலாம்தானே?” என்றான் நான் திரும்பக் கூப்பிட்டபோது. போலாம்டா. சட்டம் தடுக்காது. தடுக்க வேண்டியவர்கள்தான் இல்லை.

ஏனென்றால் இந்த ஏரிகளுக்கு இப்போது ஆயக்கட்டு இல்லை. மதகு இருக்கிறது, அது திறக்க வேண்டிய வயலில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. அதில் ஒன்றில்தான் நானும் இருக்கிறேன், மாதத் தவணை கட்டிக்கொண்டு. 1798இல் வேடந்தாங்கல்காரர் ஆட்சியரிடம் போனபோது, 'இந்தத் தண்ணீர் எங்கள் நெல்' என்று சொல்ல முடிந்தது. எங்கள் ஏரியில் நாளைக்கு யாராவது துப்பாக்கியோடோ, குப்பை லாரியோடோ, மண் லாரியோடோ இறங்கினால், நான் என்ன சொல்லிக்கொண்டு போவேன்? பால்கனியிலிருந்து பார்க்க அழகாக இருக்கிறது என்றா?

கொஞ்சம் யோசித்தால் சொல்ல ஒன்று இருக்கிறது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் நிற்பதும், 2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியதும் இந்த ஏரிகளின் கதைதான். நெல் போனாலும் தண்ணீர் உறவு போகவில்லை. அதைக் கணக்காக எழுதி, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்புக்கு அடுத்த பொருளாக வைக்கப் போகிறேன். சிரிப்பார்கள். வேடந்தாங்கல் கதையை 'அன்பு' என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 'உரம், விளைச்சல், மனு' என்று சொன்னால் ஒருவராவது உட்கார்ந்து கேட்பார் என்று நம்புகிறேன்.